ஒரு டேங்க் பெட்ரோலில் இன்னும் அதிக தூரம்: பைக்கை மாற்றியமைக்க முழுமையான வழிகாட்டி

நீண்ட பயணத்துக்குப் பைக்கைத் தயார் செய்யும் பலரும் முதலில் தேடுவது பெரிய டேங்க். அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் தெரியவேண்டியது, உங்களுக்கு எத்தனை கிலோமீட்டர் குறைகிறது என்பதுதான். அது தெரியாமல் பத்து லிட்டர் கூடுதலாகச் சுமப்பவர்களில் பலருக்கு மூன்று லிட்டர் கேனே போதுமாக இருந்திருக்கும்.

ஒரு டேங்கில் போகும் தூரம் இரண்டு எண்களின் பெருக்கல்: எஞ்ஜினுக்கு உண்மையில் போய்ச் சேரும் பெட்ரோல், ஒரு லிட்டருக்குக் கிடைக்கும் மைலேஜ். இரண்டில் எதைக் கூட்டினாலும் தூரம் கூடும். மைலேஜைக் கூட்டினால் எடை ஏறாது, பெட்ரோலைக் கூட்டினால் ஏறும். கீழே உள்ள படிகளின் வரிசைக்கு இதுதான் காரணம்.

படி 1: குறைவது எவ்வளவு?

பைக்கை நேராக நிமிர்த்தி, ஒரு குறிப்பிட்ட மட்டம் வரை பெட்ரோல் நிரப்புங்கள். டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். டேங்கில் முக்கால்வாசி தீரும் வரை ஓட்டிவிட்டு, அதே மட்டத்துக்கு மறுபடி நிரப்புங்கள். ஓடிய தூரத்தை இரண்டாம் முறை நிரப்பிய லிட்டரால் வகுத்தால் மைலேஜ். குறைந்தது மூன்று முறையாவது இப்படிச் செய்து சராசரி எடுக்க வேண்டும். ஒரே தடவை அளந்ததை நம்பாதீர்கள், நிரப்பும் மட்டத்தில் சின்ன வித்தியாசம் வந்தாலும் கணக்கு புரண்டுவிடும்.

முக்கியமான விஷயம், பயணத்தில் எப்படிப் போவீர்களோ அப்படியே அளக்க வேண்டும். பெட்டிகளோடு, பின்னால் ஆள் வருவதாக இருந்தால் ஆளோடு, அதே வேகத்தில். தினமும் வேலைக்குப் போகும்போது கிடைக்கும் மைலேஜ் இங்கே உதவாது. மீட்டர் காட்டும் தூரத்தையும் ஒருமுறை ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிட்டுவிடுங்கள்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 12 லிட்டர் டேங்க், காலியாக ஓட்டும்போது மைலேஜ் 35. காகிதத்தில் 420 கிலோமீட்டர். ஆனால் 12 லிட்டரில் எஞ்ஜினுக்குப் போவது 11 லிட்டர்தான், சுமையோடு மைலேஜ் 28 தான் என்றால் 308 கிலோமீட்டரில் வண்டி நின்றுவிடும். இரண்டு பெட்ரோல் பங்க்குகளுக்கு நடுவே 350 கிலோமீட்டர். எதிர்க்காற்று, மாற்றுப் பாதை, மூடிக் கிடக்கும் பங்க் என்று 15 சதவீதம் சேர்த்தால் ஏறக்குறைய 400 கிலோமீட்டர் வேண்டும். குறைவது 92, அதாவது 3.3 லிட்டர். மைலேஜை 28-லிருந்து 32-க்கு ஏற்ற முடிந்தால் குறைவு 48 கிலோமீட்டராகிவிடும். ஒன்றரை லிட்டரில் முடிந்துவிடும் வேலை.

படி 2: டேங்கில் இருந்தும் வராத பெட்ரோல்

பல பைக்குகளின் டேங்க், வண்டியின் இரும்புச் சட்டத்தின் (ஃப்ரேம்) மேல் குதிரைச் சேணம் மாதிரி உட்கார்ந்திருக்கும். நடுவில் மேடு, இரண்டு பக்கமும் பள்ளம். பெட்ரோல் குழாயோ பம்ப்போ ஒரு பக்கத்தில்தான் இருக்கும். மட்டம் மேட்டுக்குக் கீழே இறங்கியதும் மறுபக்கத்துப் பெட்ரோல் அங்கேயே தங்கிவிடும். வண்டி நின்றுபோனால் குழாய் இருக்கும் பக்கமாக நன்றாகச் சாய்த்துப் பிடித்தால் அது மேட்டைத் தாண்டி வந்து சேரும். சில வண்டிகளில் இரண்டு பள்ளங்களையும் அடியில் இணைக்கும் ஹோஸ் இருக்கும்; அது அடைத்துக்கொண்டிருந்தாலும் இதே கதைதான்.

பயன்படும் அளவைக் கண்டுபிடிக்க, கார்புரேட்டர் வண்டியில் ஒரு லிட்டரைத் தனியாக எடுத்துக்கொண்டு, போக்குவரத்து இல்லாத சாலையில் தீரும் வரை ஓட்டலாம். ஃப்யூல் இன்ஜெக்ஷன் (கணினி அளந்து பெட்ரோலைத் தெளிக்கும்) வண்டியில் அதைச் செய்யாதீர்கள். டேங்குக்குள் இருக்கும் பம்ப் பெட்ரோலில்தான் குளிர்கிறது, வெறுமனே சுற்றினால் கெடும். எச்சரிக்கை விளக்கு எரிந்ததும் ஓரளவு தூரம் போய் நிறுத்தி, மிச்சத்தை வெளியே எடுத்து அளப்பதே நல்லது.

சைடு ஸ்டாண்டில் நிறுத்தி நிரப்பினால் டேங்கின் ஒரு மூலையில் காற்று தங்கிவிடும். நிமிர்த்தி, கடைசியில் மெதுவாக நிரப்பினால் கூடுதலாகப் பிடிக்கும். அதற்காக மூடி வரை தளும்ப விடக் கூடாது. வெப்பம் ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் பெட்ரோல் ஆயிரத்தில் ஒரு பங்கு போல விரிகிறது. 20 லிட்டர், 20 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 0.4 லிட்டர் அதிகமாகும். அது வென்ட் குழாய் (டேங்குக்குக் காற்று போய்வரும் குழாய்) வழியாக வெளியேறும். ஆவியைப் பிடித்துவைக்கும் கரிக் குடுவை உள்ள வண்டியில் அந்தக் குடுவையை நனைத்துக் கெடுக்கும்.

படி 3: கசியும் சக்தியை நிறுத்துங்கள்

இது பராமரிப்பு, மாற்றம் அல்ல. வேகமாகச் சொல்லிவிடுகிறேன். டயர் காற்று தயாரிப்பாளர் சொன்ன அளவில், சுமைக்கான எண்ணில் இருக்க வேண்டும். பின் சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றுங்கள், பிரேக் உரசினால் அங்கே பெட்ரோல் எரிகிறது. செயின் அதிக இறுக்கமாக இருந்தாலும் காய்ந்து கிடந்தாலும் அப்படித்தான். ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், வால்வ் இடைவெளி மூன்றையும் பார்த்துவிடுங்கள். மண் பாதைக்கான பெரிய கட்டை டயரைத் தார்ச்சாலைக்குப் போட்டு ஓட்டுவதும் மைலேஜைத் தின்னும்.

இதைச் செய்யாமல் அடுத்த படிகளுக்குப் போனால் எந்த மாற்றம் பலன் தந்தது என்று பிரித்துப் பார்க்கவே முடியாது.

படி 4: காற்றை வெட்டுங்கள்

தார்ச்சாலையில் நிலையான வேகத்தில் போகும் பைக்குக்குப் பெரிய எதிரி காற்று. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறும், அதைத் தள்ளத் தேவையான சக்தி வேகத்தின் முப்படியாக ஏறும். 80-லிருந்து 100-க்குப் போனால் வேகம் கால் பங்குதான் கூடுகிறது. காற்றைத் தள்ளத் தேவையான சக்தியோ கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறது. ஒரு மணி நேரத்தில் கடக்கும் தூரமும் கூடுவதால் பெட்ரோல் செலவு இரட்டிப்பாகாது. ஆனாலும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் காற்றுக்காகச் செய்யும் வேலை 56 சதவீதம் அதிகம். பெட்ரோல் குறைவாக இருக்கிறதென்று தெரிந்ததும் 100-லிருந்து 80-க்கு இறங்குவதைவிடப் பெரிய பலன் தரும் பாகம் எந்தக் கடையிலும் கிடையாது.

அடுத்து, வண்டியின் முன்னிருந்து பார்த்தால் தெரியும் பரப்பையும் வடிவத்தையும் கவனிக்க வேண்டும். அமெரிக்க வடிவமைப்பாளர் கிரெய்க் வெட்டர் 1980-களில் நடத்திய மைலேஜ் போட்டிகளில், முன்னும் பின்னும் மீன் உடல் போலக் கூடு கட்டிய வண்டிகள் சாதாரண பைக்கின் மைலேஜைப் பல மடங்கு தாண்டின. அந்த அளவுக்குக் கூடு கட்டிக்கொண்டு பயணம் போக நமக்கு முடியாது, பக்கக்காற்றும் தள்ளிவிடும். ஆனால் அங்கிருந்து ஒரு பாடம் எடுத்துக்கொள்ளலாம்: வண்டிக்குப் பின்னால் காற்று கலைந்து சுழலும் இடத்தை நிரப்புவது, முன்னால் காற்றைத் தடுக்கும் கண்ணாடி மாட்டுவதைப் போலவே பலன் தரும்.

ஆகவே சாமானை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால், தோள் அகலத்துக்குள் வையுங்கள். இரு பக்கமும் அகன்று நிற்கும் சதுர அலுமினியப் பெட்டிகள் இதற்கு நேர் எதிர். முழங்காலுக்குப் பின்னால் ஒட்டிக் கிடக்கும் துணிப் பைகள் நல்லவை. முன் கண்ணாடியின் உயரம், மேல் விளிம்பிலிருந்து கிளம்பும் காற்று ஹெல்மெட்டுக்குச் சற்று மேலே போகும்படி இருந்தால் போதும். அதற்கு மேல் உயரமான கண்ணாடி ஒரு பாய்மரம்தான். மார்பில் படபடக்கும் தளர்ந்த ஜாக்கெட்டும், பயன்படுத்தாத கூடுதல் விளக்குகளும் இதே கணக்கில் வரும்.

படி 5: ஸ்ப்ராக்கெட் மாற்றம்

செலவு குறைவு, பலனை அளக்க முடியும், பிடிக்காவிட்டால் பழையபடி மாற்றிக்கொள்ளலாம். இந்த மூன்றும் சேர்ந்து அமைவது அபூர்வம்.

ஸ்ப்ராக்கெட் என்பது செயின் ஓடும் பல் சக்கரம். முன் ஸ்ப்ராக்கெட்டில் 15 பல், பின்னால் 45 என்றால் விகிதம் 3.00. முன்னால் 16 போட்டால் 2.81. அதே வேகத்தில் எஞ்ஜின் சுற்று ஆறு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல் குறையும். நிமிடத்துக்கு 5000 சுற்றில் போனது சுமார் 4690-க்கு இறங்கும். இந்த விகிதத்தில், பின்னால் மூன்று பல் குறைப்பதும் முன்னால் ஒரு பல் கூட்டுவதும் ஏறக்குறைய ஒன்றுதான்.

சுற்று குறைந்த அளவுக்கே மைலேஜ் கூடிவிடாது, அதைவிடக் குறைவாகத்தான் கூடும். எஞ்ஜின் மெதுவாகச் சுற்றும்போது உள் உராய்வு குறைகிறது. அதே சக்திக்கு த்ராட்டிலை (கைப்பிடியைத் திருகினால் திறக்கும் காற்று வாயிலை) இன்னும் கொஞ்சம் திறக்க வேண்டியிருப்பதால், மூடிய த்ராட்டில் வழியாகக் காற்றை உறிஞ்சும் இழப்பும் குறைகிறது. மாற்றுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். சுமையோடு, வழக்கமான வேகத்தில், டாப் கியரில் ஒரு சிறிய மேட்டில் ஏறுங்கள். இப்போதே கியரைக் குறைக்க வேண்டியிருக்கிறதா? அப்படியானால் ஸ்ப்ராக்கெட்டைத் தொடாதீர்கள். சிறிய எஞ்ஜின்களில் இது அடிக்கடி நடக்கும். டாப் கியர் பெயருக்குத்தான் இருக்கும், எதிர்க்காற்றில் பாதி நேரம் அதற்கு முந்தைய கியரில்தான் ஓட்டுவீர்கள்.

பெரிய முன் ஸ்ப்ராக்கெட் கவரில் உரசாமல் இருக்கிறதா, செயின் நீளம் போதுகிறதா என்று பாருங்கள். சுமையோடு மேட்டில் கிளம்பும்போது கிளட்ச் கூடுதலாகத் தேயும்.

பலரை ஏமாற்றும் ஒரு விஷயம் இங்கே இருக்கிறது. வேகத்தை அளக்கும் சென்சார் கியர்பாக்ஸில் இருந்தால், இந்த மாற்றத்துக்குப் பிறகு மீட்டர் ஓடிய தூரத்தைக் குறைத்துக் காட்டும். மைலேஜ் ஏறவே இல்லை என்று தோன்றும். மீட்டர் காட்டும் தூரத்தை 16/15 ஆல் பெருக்கிய பிறகே வகுக்க வேண்டும். வேகத்தையும் குறைத்தே காட்டும் என்பதால் கவனமாக ஓட்டுங்கள். சென்சார் சக்கரத்தில் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

படி 6: கலவையோடு எவ்வளவு விளையாடலாம்?

கொஞ்சம்தான். கலவை என்பது எஞ்ஜினுக்குள் போகும் காற்றும் பெட்ரோலும்; பெட்ரோல் குறைந்தால் மெலியும், கூடினால் தடிமனாகும். கார்புரேட்டரில் ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் மேலே மாற்றினால் ஊசி கீழே இறங்கும், பாதித் த்ராட்டிலில் கலவை மெலியும். ஏற்கெனவே கலவை தடிமனாக, பிளக் கருப்பாக இருந்தால் இதனால் மைலேஜ் கூடும். காற்று மெலிந்த உயரமான மலைப்பகுதிகளில் கார்புரேட்டர் கலவை தானாகவே தடிமனாகிவிடும், அங்கே இது இன்னும் பொருத்தம். ஆனால் பிளக் முனை வெள்ளையாகி, மேடேறும்போது எஞ்ஜின் கணகணவென்று தட்டினால் உடனே பழைய இடத்துக்கு மாற்றுங்கள். அளவுக்கு மேல் மெலிந்த கலவை சூட்டைக் கூட்டி பிஸ்டனில் ஓட்டை போடும். மெயின் ஜெட்டை (முழுத் த்ராட்டிலில் பெட்ரோலை அளந்துவிடும் துளையை) மைலேஜுக்காகத் தொட வேண்டாம்.

இன்ஜெக்ஷன் வண்டியில், ஆக்ஸிஜன் சென்சார் இருந்தால் சீரான ஓட்டத்தில் கணினி கலவையை 14.7:1-ஐ (எடையில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று) ஒட்டி வைத்திருக்கும். வெளியிலிருந்து மாட்டும் எளிய மின்னணுப் பெட்டிகள் பெட்ரோலைக் குறைத்தாலும் கணினி அதைத் திருத்திவிடும். பெரிய சைலன்சரும் திறந்த ஏர் ஃபில்டரும் சத்தத்துக்காகவும் உச்ச சக்திக்காகவும் மாட்டப்படுபவை, தூரத்துக்கு உதவாது. காந்தம், மாத்திரை, பெட்ரோல் குழாயில் மாட்டும் உருளை ஆகியவற்றைப் பற்றி நேரம் செலவழிக்க வேண்டாம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இதுபோன்ற நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளை ஆராய்ந்தும் குறிப்பிடத்தக்க பலன் தருவது எதையும் காணவில்லை.

பெட்ரோலே தூரத்தை மாற்றும் என்பது பலருக்கு நினைவிருப்பதில்லை. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல், பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். 10 சதவீதம் கலந்தால் லிட்டருக்கு மூன்று சதவீதம் போல ஆற்றல் குறையும், 20 சதவீதம் கலந்தால் ஆறேழு சதவீதம். படி 1-இல் அளந்த பெட்ரோலும் பயணத்தில் கிடைக்கப்போகும் பெட்ரோலும் ஒரே வகையா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

படி 7: கேன் போதுமா?

குறைவு நான்கு லிட்டருக்குள், அதுவும் எப்போதாவது என்றால் கேன்தான் என் தேர்வு. ஹோஸ் இல்லை, கசியும் இணைப்பு இல்லை, வேலை முடிந்ததும் கழற்றி வைத்துவிடலாம். பெட்ரோலுக்கென்றே தயாரித்த தட்டையான கெட்டி பிளாஸ்டிக் கேன், அல்லது காலியானதும் சுருட்டி வைக்கக்கூடிய பெட்ரோல் பை. தண்ணீர் பாட்டில் வேண்டவே வேண்டாம். சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறும்போது அதன் மூடி தாங்காது.

நிரப்பும்போது கேனை வண்டியிலிருந்து இறக்கித் தரையில் வைத்து, குழாய் முனை கேனின் வாயைத் தொட்டபடி நிரப்புங்கள். வண்டியில் கட்டியபடியே நிரப்பினால் நிலைமின்சாரம் சேர்ந்து பொறி பறக்க வாய்ப்பு உண்டு. மேலே கொஞ்சம் இடம் விடுங்கள். சைலன்சரிலிருந்து தள்ளி, விழுந்தால் தரையில் முதலில் படாத இடத்தில் கட்டுங்கள். டேங்கில் அது பிடிக்கும் அளவு இடம் வந்ததும் முதல் வேலையாகக் கேனை ஊற்றிவிடுவது நல்லது.

படி 8: துணை டேங்க் இணைத்தல்

அடிக்கடி ஐந்து முதல் பத்து லிட்டர் வரை குறைகிறதென்றால் இது. மூன்று வழிகள்.

முதலாவது, ஈர்ப்பு. இரண்டு டேங்க்குகளும் ஒரே மட்டத்தில் இருந்து, அடியில் ஹோஸால் இணைந்து, இரண்டுக்கும் வென்ட் இருந்தால் ஒரே டேங்க் போல இறங்கும். துணை டேங்க் உயரமாக இருந்தால் நடுவில் ஒரு குழாய் வால்வு கட்டாயம். அது இல்லாவிட்டால் மேலிருப்பது எல்லாம் கீழே இறங்கி, பிரதான டேங்கின் வென்ட் வழியாக எஞ்ஜின் மேல் ஊற்றும்.

இரண்டாவது, வெற்றிடம். துணை டேங்கின் அடியிலிருந்து வரும் ஹோஸை பிரதான டேங்கின் வென்ட்டில் இணைக்க வேண்டும். பிரதான டேங்குக்கு வேறெந்த வழியிலும் காற்று போகக் கூடாது. துணை டேங்க் வெளிக்காற்றை வாங்கும். எஞ்ஜின் பெட்ரோலை எடுக்க எடுக்கப் பிரதான டேங்கில் அழுத்தம் குறைந்து, துணை டேங்கிலிருந்து பெட்ரோல் தானாக வரும். மின்சாரம் தேவையில்லை, பம்ப் தேவையில்லை, முதலில் காலியாவது துணை டேங்க்தான். அழகான ஏற்பாடு. ஆனால் மூடியின் ரப்பர் கொஞ்சம் கசிந்தாலும் வேலை செய்யாது. துணை டேங்க் உயரத்தில் இருக்கும்போது பிரதான மூடியைத் திறந்தால் பெட்ரோல் பொங்கி வரும், அதனால் முதலில் வால்வை மூடிவிட வேண்டும். கரிக் குடுவை உள்ள வண்டிகளில் வென்ட் குழாய்களின் பாதை சிக்கலானது. வரைபடம் இல்லாமல் கை வைக்காதீர்கள்.

மூன்றாவது, சிறிய 12 வோல்ட் பம்ப். ஃப்யூஸோடு, அழுத்திப் பிடித்தால் மட்டும் ஓடும் பொத்தானோடு அமையுங்கள். சாதாரண சுவிட்ச் போட்டால் என்றாவது ஒருநாள் மறப்பீர்கள், டேங்க் வழியும். பிரதான டேங்கில் காலியிடம் துணை டேங்கின் கொள்ளளவைவிட அதிகமான பிறகுதான் பம்பை ஓட்ட வேண்டும்.

எந்த வழியானாலும் இன்ஜெக்ஷன் வண்டியில் துணைப் பெட்ரோல் பிரதான டேங்குக்குள்தான் போக வேண்டும். பம்புக்குப் பிந்தைய ஹோஸில் பொதுவாக மூன்று பார் அளவு அழுத்தம் இருக்கும், அங்கே டி-இணைப்பு போடக் கூடாது.

ஹோஸில் சிக்கனம் பார்க்காதீர்கள். டேங்க்குகளுக்கு நடுவே உள்ள அழுத்தமில்லாத இணைப்புக்கு எஸ்ஏஇ ஜே30ஆர்7 (SAE J30R7) என்று அச்சிட்ட ஹோஸ் போதும். இன்ஜெக்ஷன் அழுத்தத்துக்கு ஆர்9. டேங்குக்கு உள்ளே பெட்ரோலில் மூழ்கிக் கிடப்பதற்கு ஆர்10 மட்டுமே. மற்றவை வெளிப்புறம் ஊறிக் கரையத் தொடங்கும், அந்தத் துகள் பம்பை அடைக்கும். துணை டேங்க்கின் வாயில் ஒரு வால்வு, நடுவில் ஒரு ஃபில்டர். ஹோஸ் எங்கும் மடங்காமல், சைலன்சரிலிருந்து விலகி, ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுதாகத் திருப்பினாலும் இழுபடாமல் இருக்க வேண்டும்.

டேங்கைச் சட்டத்தோடு நேராக இறுக்காமல் ரப்பர் வைத்துப் பொருத்துங்கள், அதிர்வில் முதலில் விரிசல் விடுவது வெல்டிங்தான். ஒருமுறை பெட்ரோல் இருந்த டேங்கில் நீங்களாக வெல்டிங் வைக்கவே கூடாது. காலியாகத் தெரிந்தாலும் உள்ளே ஆவி இருக்கும், அது வெடிக்கும்.

படி 9: பெரிய டேங்க்

ஆளில்லாத பகுதிகளில் வாரக்கணக்கில் சுற்றுபவர்களுக்கு இதுவே சரி. தயாரிப்பாளர்களே இந்த வழியைக் காட்டுகிறார்கள். பிஎம்டபிள்யூ ஆர் 1250 ஜிஎஸ்-இல் 20 லிட்டர், அதன் அட்வென்ச்சர் வகையில் 30 லிட்டர். யமஹா டெனெரே 700-இல் 16, வேர்ல்ட் ரெய்டு வகையில் இரு பக்க டேங்க்குகளாகப் பிரித்து 23. அகலவாக்கில், கீழே இறக்கிக் கட்டுவதால் எடை உயரத்தில் தங்குவதில்லை என்பதே அந்த வடிவத்தின் ரகசியம்.

வாங்கும் முன் உங்கள் வண்டியின் பம்ப், மூடி, மட்டம் காட்டும் மிதவை ஆகியவை அதில் பொருந்துமா என்று உறுதி செய்யுங்கள். காற்றால் குளிரும் எஞ்ஜினை இரு பக்கமும் மூடிக்கொள்ளும் டேங்க், சூட்டையும் அங்கேயே பிடித்துவைக்கும். பிளாஸ்டிக் டேங்கின் சுவர் வழியாகப் பெட்ரோல் ஆவி மெல்ல வெளியேறுவதால் ஸ்டிக்கர்கள் கொப்பளித்து எழும். பெட்ரோல் மிதவை காட்டும் அளவும் இனி பொய், டிரிப் மீட்டரையே நம்புங்கள்.

டேங்க் மாற்றத்தைப் பதிவு, காப்பீடு, தகுதிச் சோதனை விதிகள் எப்படிப் பார்க்கின்றன என்பது நாட்டுக்கு நாடு வேறு. வேலையைத் தொடங்கும் முன் கேட்டுவிடுங்கள். கப்பலில் வண்டியை ஏற்றும்போது நிரம்பிய கேனைப் பெரும்பாலும் அனுமதிக்க மாட்டார்கள்.

படி 10: எடையைச் சரிசெய்து சோதித்தல்

பத்து லிட்டர் பெட்ரோல் சுமார் ஏழரைக் கிலோ, டேங்கின் எடை தனி. பின் அச்சுக்குப் பின்னால், உயரத்தில் அதைக் கட்டினால் முன் சக்கரம் லேசாகி ஹேண்டில்பார் ஆடத் தொடங்கும். முடிந்தவரை முன்னால், கீழே, இரு பக்கமும் சமமாக வையுங்கள். பின் ஷாக்கின் பிரீலோடை (ஸ்பிரிங்கின் ஆரம்ப இறுக்கத்தை) கூட்டுங்கள். தயாரிப்பாளர் குறிப்பிட்ட மொத்த எடை வரம்பில் இந்தக் கிலோக்களும் சேர்த்திதான்.

முதலில் ஒரு லிட்டர் மட்டும் ஊற்றி, இணைப்புகளுக்குக் கீழே காகிதம் விரித்து, திறந்த வெளியில் ஓர் இரவு விடுங்கள். காலையில் கறையோ வாடையோ இல்லாவிட்டால் முழுதாக நிரப்பி, இரு பக்கமும் சாய்த்துப் பாருங்கள். சின்ன ஓட்டம் ஒன்று போய்வந்து கிளாம்ப்புகளை மறுபடி பாருங்கள், புது ஹோஸ் சூடேறி அமுங்கியிருக்கும். கொஞ்ச தூரம் போனதும் எஞ்ஜின் திணறி, மூடியைத் திறந்ததும் சரியானால் வென்ட் அடைத்திருக்கிறது என்று அர்த்தம்.

அப்புறம் படி 1-இன் அளவீட்டை முதலிலிருந்து செய்யுங்கள். கிடைப்பதிலிருந்து இரண்டு எண்களைச் சிறு டேப்பில் எழுதி மீட்டருக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள்: எத்தனையாவது கிலோமீட்டரில் துணைப் பெட்ரோல் தீரும், எத்தனையாவதில் எல்லாமே தீரும். எதிர்க்காற்று அடிக்கும் நாளில் இரண்டிலும் 15 சதவீதம் கழித்துக்கொள்ளுங்கள்.